தாடையும் துயிலும்

உறக்கம், செல்வரும் வறியரும் ஒப்ப நுகர்தற்குரிய பெரும்பேறு. அப்பேற்றை இரவுதோறும் இழப்பாரும் உளர். அவர் உரக்கக் குறட்டை விடுதல் கேட்டு, நன்கு உறங்குகின்றனர் என்றே நாம் கருதுவோம். உண்மை வேறு. உறக்கத்தில் தசைகள் தளர, நாவின் அடியும் மெல்லண்ணமும் பின்சாய்ந்து தொண்டையை அடைக்கின்றன. மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ தடைப்படுகின்றது. மூளை திடுக்கிட்டு விழித்து அதனை மீட்கின்றது. மணிக்கு 30 முறையோ மேலோ இங்ஙனம் நிகழின், நோய் கடியது என்பர் மருத்துவர்.

முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் பொறியே இதற்கு முதல் மருந்து. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்பாரும் அவர்தம் துணைவரும் 1981-இல் அதனை வெளியிட்டனர். அதனைத் தாங்கமாட்டாதார் சிலர்க்கு அறுவை செய்யப்படும். 1980-ஐ அடுத்த ஆண்டுகளில், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டில் ரைலி, பவல் என்னும் மருத்துவர் இம்முறையை வளர்த்தனர். இருதாடைகளையும் அறுத்து, ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பிணிப்பர். முளையை முன்தள்ளி அடித்தால் கூடாரம் விரிவதுபோல, தாடையோடு நாவும் முன்வரத் தொண்டை அகல்கின்றது.

பயன் யாது? 627 நோயாளரைப் பற்றி 2010-இல் வெளிவந்த தொகுப்பாராய்ச்சியொன்றில், மணிக்கு 64 அளவினவாயிருந்த தடைகள் 10 அளவிற்குக் குறைந்தமை காண்கிறோம். நூற்றுக்கு 86 பேர் வெற்றியுற்றனர். ஆயின் தடை ஐந்திற்கும் குறைந்து முற்றும் குணமுற்றார் 43 பேரே. வெற்றி வேறு, முழுக்குணம் வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இதற்கு அவர் தரும் விலையைக் காண்போம். கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்பினூடே செல்கின்றது. அறுவையில் அது நலிவுறுதலால் அவ்விடம் மரத்துப்போகும். பலர்க்குத் திங்கள் சில கழியக் குறையும். சிலர்க்கு ஆண்டுகள் பல சென்றும் நீங்காது. மோவாயில் ஒட்டிய பருக்கையைப் பிறர் சொல்லவே அறிவர். மழிக்குங்கால் கத்தி கீறினும் உணரார். பற்களின் பொருத்தமும் மாறக்கூடும். கண்ணாடியில் தோன்றும் முகமும் சற்றே புதிதாயிருக்கும். உடல் பருப்பினும் முதுமை எய்தினும் நோய் மீளலாம். ஆதலின் உறக்கச் சோதனையை மீண்டும் செய்துகொள்ளல் வேண்டும்.

“மூச்சு மீண்டதன்றோ? உதடு மரத்தால் என்ன?” என்று உற்றார் வினவுதல் இயல்பே. எனினும், அவ்வினா நோயுற்றாரின் வாயை அடைத்துவிடுகின்றது. பெற்ற துயிலுக்கு மகிழ்பவரே இழந்த உணர்ச்சிக்கு வருந்தலும் கூடும். அது நன்றிமறத்தல் ஆகாது. வரவும் செலவும் எழுதப்பெற்ற கணக்கே நேரிய கணக்கு. அறுவைக்கு முன்னரே மருத்துவர் இரண்டையும் எடுத்துரைத்தலும், பின்னர் நாம் இரண்டையும் பொறுமையோடு கேட்டலும் கடன் என்க.