வெயில் இலவசம், விளக்கு?



நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. அரிக்கேன் விளக்கின் முன் அமர்ந்துதான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்வேன். சிமினியில் கரி படியும், கண் எரியும். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால், அன்றைய படிப்பும் அத்துடன் சரி!

"வெயில்தான் இலவசமாகக் கிடைக்கிறதே! மின்சாரம் இல்லாத கிராமங்களில் எல்லாரும் சூரிய விளக்கு வைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்கிறீர்களா? வெயில் இலவசம்தான். ஆனால், அதை மின்சாரமாக மாற்றும் தகடும், இரவுக்காகச் சேமித்து வைக்கும் பேட்டரியும் இலவசம் இல்லையே!

இந்தச் சிக்கலை நம் அண்டை நாடான வங்கதேசம் எப்படித் தீர்த்தது தெரியுமா?

வங்கதேசம் ஆறுகள் நிறைந்த நாடு. ஆறுகளைத் தாண்டிப் பல கிராமங்களுக்கு மின்கம்பி போய்ச் சேரவில்லை. 2003ம் ஆண்டு, 'இட்கால்' என்ற அரசு நிறுவனம் வீடுகளுக்கான சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியது. 2008ம் ஆண்டுக்குள் 50 ஆயிரம் வீடுகள் என்பது இலக்கு. 2005லேயே அதை எட்டிவிட்டார்கள்! பின்னர் அது 40 லட்சம் வீடுகளையும் தாண்டியது. மக்கள் இவ்வளவு ஆர்வமாக வாங்கியது ஏன்?

தவணை: முழுப் பணத்தையும் ஒரே நேரத்தில் தர ஏழைகளால் முடியாது. எனவே, சிறு தொகையை முன்பணமாகக் கட்டி, மீதியை மாதந்தோறும் கட்டினார்கள். மண்ணெண்ணெய் வாங்கும் காசு மிச்சமாகித் தவணைக்கு உதவியது.

பழுது பார்ப்பவர்: விளக்கு கெட்டால் நகரத்துக்கா தூக்கிக்கொண்டு ஓட முடியும்? கிராமத்துப் பெண்களுக்கே பழுது பார்க்கும் பயிற்சி கொடுத்தது 'கிராமின் சக்தி' என்ற அமைப்பு.

நம்பிக்கை: தகடுக்கு 20 ஆண்டு, பேட்டரிக்கு 5 ஆண்டு என்று உத்தரவாதம் தந்தார்கள். அடுத்த வீட்டில் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும் துணிவு வந்தது.

பயன்: புகையில்லாத வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தனர். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடிந்தது. கடைக்காரர்கள் இரவிலும் வியாபாரம் செய்தனர்.

பிறகு மின்கம்பிகள் கிராமங்களுக்கு வந்தன. 2022ல் நாடு முழுவதும் மின்சாரம் சென்றுவிட்டதாக அரசு அறிவித்தது. பலர் தங்கள் தகடுகளை ஓரம் கட்டிவிட்டனர். சிறிய தகடு சில விளக்குகளுக்கும் ஒரு சிறிய டி.வி.க்கும்தானே போதும்! அதற்காகத் திட்டம் வீண் என்று சொல்லலாமா? மின்கம்பிக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அந்த வெளிச்சம் விழுந்திருக்கும்!

நல்ல பொருளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. வாங்க வழியும், பழுது பார்க்க ஆளும் வேண்டும். உங்கள் ஊரில் கூரைமேல் சூரியத் தகடு உள்ள வீடு இருக்கிறதா? "ஏன் வாங்கினீர்கள்? கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்?" என்று கேட்டு வாருங்கள். அந்தப் பதில்களை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மகிழ்ந்து போவார்!