தகரத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போகுமுன்

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையொன்று இப்போது தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் அங்கே உண்டு. கொழுந்து தூளாகும் விதம் நன்றாக விளங்கும். கொழுந்து பறித்தவர்கள் வாழ்ந்த விதம் தெரிய வேண்டுமானால் கம்பளைப் பக்கம், பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே தொழிலாளர் குடியிருந்த ஒரு பழைய லயத்தையே 2007இல் தொழிலாளர் நூதனசாலை ஆக்கியது சமூக அபிவிருத்தி நிறுவகம்.

அந்தத் தேர்விலேயே காட்சியமைப்பின் பாதி வேலை முடிந்துவிட்டது என்பேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழ்ந்ததை எந்தப் பலகையிலும் எழுதத் தேவையில்லை. வாசலில் குனிந்து நுழைந்தால் போதும்.

மீதிப் பாதி, பொருளைக் கொடுப்பவரிடம் கேட்பதில் இருக்கிறது. ஒரு கவ்வாத்துக் கத்தி வருகிறது. யார் பிடித்தது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பிடி ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது? அன்றே பதிவேட்டில் ஏறாவிட்டால் அது பழைய இரும்புதான். பதிவு எண்ணைக் கத்தியின்மேல் நேரே எழுதக் கூடாது. நிறமற்ற பிசினை ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் எழுதி, மறுபடி பூச வேண்டும். வேண்டாதபோது அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் தடமின்றிப் போய்விடும்.

அடுத்து, எதன் பக்கத்தில் எதை வைப்பது? தகரத் துண்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிவந்த காலத்தில், தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்துக் கழுத்தில் தொங்கவிட்ட தகடு அது. வழியில் எந்த முகாமிலும் அதைப் பார்த்தே ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று தெரிந்துகொண்டார்கள். அதைத் தனியே வைத்தால் வெறும் வில்லை. கங்காணி முறையின் கடன் துண்டைப் பக்கத்தில் வையுங்கள்: இவ்வளவு கடன், கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த காகிதம். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வந்த வழியும் வெளியேற முடியாத காரணமும் புரிந்துவிடும்.

மலைநாட்டின் மூடுபனிதான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிய நிலையிலேயே இருந்தால் காகிதத்திலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும், இரும்பு துருவேறும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து அவ்வப்போது சூடாக்கி உலர்த்தலாம். துருவை உப்புத்தாளால் தேய்ப்பது பெருந்தவறு, பொறித்த எழுத்தும் சேர்ந்து போய்விடும். மழைக்குப் போர்த்திய கம்பளியைப் பூச்சி அரிக்கும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் ஓரிரு வாரம் உறையவைத்தால் முட்டையோடு சாகும்.

குடியுரிமைக் காகிதங்களைப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களில் அந்தத் தாள்கள் இன்றும் வீட்டின் சொத்து. படியெடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, மூலத்தை அன்றைக்கே அந்த வீட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.