சத்தமும் அழைப்பும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் நகரின் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில், 87ஆம் எண் கட்டிடத்துக்குள் ஓர் அறை இருக்கிறது. சுவர், கூரை, தரைக்கு அடியில் என எல்லாப் பக்கமும் ஒலியை உறிஞ்சும் நுரைக் கூம்புகள். அவற்றுக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பி வலைதான் நடக்கும் தளம். ஒலிவாங்கிகளையும் கருவிகளின் மிக மெல்லிய சத்தங்களையும் சோதித்துப் பார்க்கக் கட்டியது. 2015இல் இது உலகின் மிக அமைதியான இடம் என்று கின்னஸ் பதிவு செய்தது. அங்கே அளந்த ஒலி மைனஸ் 20 டெசிபலுக்கும் கீழே. 2021இல் மின்னியாபொலிஸ் நகரின் ஆர்ஃபீல்ட் ஆய்வகத்து அறை இந்தச் சாதனையை முறியடித்தது.

'மைனஸ் டெசிபல்' என்று ஒன்று உண்டா என்று கேட்கத் தோன்றும். டெசிபல் என்பது மீட்டர், கிலோ போலத் தனியாக நிற்கும் அளவு அல்ல, ஓர் ஒப்பீடு. நல்ல காது உள்ள ஒருவருக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியை 0 என்று வைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. கிசுகிசுப்பு சுமார் 30, சாதாரணப் பேச்சு சுமார் 60. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். மைனஸ் 20 என்றால் காது கேட்கக்கூடிய எல்லையின் நூறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே அதிக தூரம் போக முடியாது. காற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதால் எழும் ஒலி அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆக, உலகில் கிடைக்கக்கூடிய மௌனத்தின் அடிமட்டம் இதுவே. அங்கே போனால் மனம் அடங்கிவிடுமா என்றால், இல்லை. இத்தகைய அறைகளில் இருந்தவர்களில் பலர் தங்கள் இதயத் துடிப்பும் மூச்சும் பெரிதாகக் கேட்டதாகச் சொல்கிறார்கள். சிலருக்குக் கால் தடுமாறுகிறது. ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1951இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இப்படி ஓர் அறைக்குள் போனார். மௌனத்தைக் கேட்கப் போனவருக்கு இரண்டு ஒலிகள் கேட்டன, ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது. இரண்டும் அவர் உடம்பிலிருந்தே வந்தவை என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினாராம். அடுத்த ஆண்டு அவருடைய புகழ்பெற்ற '4 நிமிடம் 33 விநாடி' அரங்கேறியது. பியானோ கலைஞர் ஒரு சுரமும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்க, அரங்கின் சத்தங்களே இசை!

உயிரோடு இருக்கும்வரை முழு மௌனம் நமக்கு இல்லை. அப்படியானால் நாம் 'அமைதி வேண்டும்' என்று ஏங்கும்போது உண்மையில் எதைக் கேட்கிறோம்?

இந்தக் கேள்விக்கு எனக்கு முதல் துப்புக் கொடுத்தவர் என் அப்பா. தென்காசியிலிருந்து எங்கள் சியாட்டில் புறநகர் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது மூன்று இரவுகள் அவர் தூங்கவில்லை. நேர வித்தியாசம் ஒரு காரணம். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "என்னய்யா இது, ஒரு சத்தத்தையும் காணோம், எப்படித் தூங்க?" என்றார். குளிர்காலம். ஹீட்டரைப் போட்டுவிட்டு, கடையில் தேடிப்பிடித்து ஒரு டேபிள் ஃபேன் வாங்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினார். அடுத்த அறையில், அந்த அமைதியான வீட்டில், தூங்காமல் கிடந்தது நான்தான்.

அப்படியானால் சத்தம் நல்லதா? அதுவும் இல்லை. 1970களில் அர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் நியூயார்க் நகரின் ஒரு பள்ளியை ஆராய்ந்தார். பள்ளியின் ஒரு பக்கத்தை ஒட்டி உயர்பாதை ரயில் ஓடியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் போகும். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பக்க வகுப்புகளில் படித்த பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஓராண்டு. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் தட்டிகள் பொருத்தினார்கள். 1981இல் வெளியான தொடர் ஆய்வில் அந்த இடைவெளி மறைந்திருந்தது.

ரயிலுக்கும் ஃபேனுக்கும் என்ன வேறுபாடு? ரயில் மிக உரத்தது, அது உண்மை. ஆனால் அது மட்டுமல்ல. ஃபேன் சத்தம் அடுத்த நொடியும் இப்படித்தான் இருக்கும் என்று மூளைக்குத் தெரியும். தெரிந்ததை அது கவனிப்பதில்லை. ரயில் வந்து வந்து குறுக்கிடுகிறது.

முதுகலையில் சமிக்ஞைகளைப் பற்றிப் படித்தபோது கற்ற ஒன்று இங்கே பொருந்தி வருகிறது. விமானத்தில் சத்தத்தை நீக்கும் ஹெட்போன் போட்டிருப்பீர்கள். வெளியே வரும் ஒலி அலையை ஒரு சிறு ஒலிவாங்கி கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்குகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன. பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதை ஹெட்போனுக்குள் கொண்டுவர எண்ணினார். 1989இல் அவரது நிறுவனம் விமானிகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்கருவி இன்ஜினின் சீரான உறுமலை எளிதில் அழிக்கும். பின் இருக்கைக் குழந்தை திடீரென வீறிட்டால் திணறும். மெதுவாக மாறும் அலையை எட்டிப் பிடிக்கலாம், வேகமாக மாறுவதைப் பிடிக்க நேரம் போதாது.

வேடிக்கை என்னவென்றால், நம்மை வருத்தாத சத்தத்தைத்தான் இந்தக் கருவி நன்றாக அழிக்கிறது!

நம்மை வருத்துவது அழைப்பு. குழந்தையின் அழுகை, யாரோ நம் பெயரைச் சொல்வது, செல்போனின் 'டிங்'. இவற்றில் முக்கியமானது டெசிபல் அல்ல. ஒவ்வொன்றும் 'எழுந்து வா' என்கிறது. கூப்பிடாதபோதும் கூப்பிட்டதுபோல் இருக்கும். சட்டைப்பையில் போன் அதிர்ந்ததாகத் தோன்றி எடுத்துப் பார்த்து ஏமாறாதவர் நம்மில் குறைவு.

அப்பா தூங்கிய அந்த இரவில் நான் விழித்திருந்ததும் இதனால்தான். அது என் 'ஆன்-கால்' வாரம். கணினிச் சேவையில் கோளாறு என்றால் எந்த நேரத்திலும் அலாரம் வரும். 15 நிமிடத்துக்குள் திரைமுன் உட்கார வேண்டும். அலாரம் வந்தால் ஒரு தொல்லை, வராவிட்டால் வருமோ என்ற தொல்லை.

போனை அணைத்துவிடலாமே என்று தியானம் சொல்லித்தருகிறவர்கள் எளிதாகச் சொல்வார்கள். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் வாழ்கிறவனால் அது முடியாது. இரவு இரண்டு மணிக்கு இந்தியாவிலிருந்து வரும் அழைப்பு என்னவாக இருக்கும் என்ற பயம், கடல் கடந்த தமிழர் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு காது எப்போதும் ஊரை நோக்கித் திறந்தே இருக்கிறது. தள்ளுபடி விற்பனையும், யாரோ ஒரு படத்துக்குப் போட்ட 'லைக்'கும் அதே காது வழியாகத்தான் நுழைகின்றன.

எனவே நான் அணைக்கவில்லை, பிரித்தேன். இரவில் ஒலிக்க அனுமதி இரண்டுக்குத்தான்: ஊர் எண்கள், அலுவலக அலாரம். மற்றவற்றை நானாகப் போய்ப் பார்க்கும்போது பார்த்தால் போதும். அலுவலகத்திலும் குழுவாக உட்கார்ந்து அலாரங்களைப் பட்டியலிட்டோம். பாதிக்கு மேல், எழுந்து பார்த்து, செய்ய ஒன்றுமில்லை என்று திரும்பப் படுக்க வைத்தவை. அவற்றை நீக்கினோம். சேவை எதுவும் நின்றுவிடவில்லை.

இதைச் செய்தபின் இரவின் அமைதிக்கு ஒரு பொருள் வந்தது. போன் ஒலிக்கவில்லை என்றால் ஊரில் எல்லோரும் நலம் என்று அர்த்தம். முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஓயாமல் ஒலித்த போனின் இடைவெளியில் அந்தச் செய்தி எனக்குக் கேட்டதில்லை.

நீங்களும் ஒருநாள் முயன்று பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை உங்களை அழைத்த ஒலிகளை ஒரு தாளில் குறித்து, நீங்கள் பதில் சொல்லாவிட்டால் யாராவது ஒரு மனிதர் வருந்தியிருப்பாரா என்று ஒவ்வொன்றின் எதிரேயும் எழுதுங்கள். வருந்தியிருக்கும் மனிதர்களின் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். காது அவர்களுக்காகத் திறந்திருக்கட்டும்.