‘சொசைட்டி’யில் சிறு விவசாயிகள் சேர்வது ஏன்? கூட்டுறவு சங்கம் எப்படி இயங்குகிறது? முழு விளக்கம்

விதைக்கும் நேரத்தில் கையில் காசு இருக்காது. அறுக்கும் நேரத்தில் சந்தையில் விலை இருக்காது. ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் நிலைமை பெரும்பாலும் இதுதான்.

இந்த இரண்டு நெருக்கடிகளையும் சமாளிக்க உருவானதுதான் கூட்டுறவு சங்கம். ஊரில் ‘சொசைட்டி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடை, யூரியா மூட்டை, நகைக்கடன், பயிர்க்கடன் என்று ஏதோ ஒரு வேலைக்காகப் போயிருப்போம். ஆனால், அந்த சங்கம் யாருக்குச் சொந்தம்? பணம் எங்கிருந்து வருகிறது? தப்பு நடந்தால் யாரைக் கேட்பது? பார்க்கலாம் வாங்க.

கூட்டுறவு சங்கம் யாருக்குச் சொந்தம்?

பலரும் நினைப்பதுபோல அது அரசு அலுவலகம் கிடையாது. தனியார் வங்கியும் இல்லை. அதில் பங்குத்தொகை கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள்தான் சங்கத்தின் உரிமையாளர்கள்.

ஒரு கம்பெனியில் யார் அதிகப் பங்கு வைத்திருக்கிறாரோ அவர் பேச்சுதான் எடுபடும். கூட்டுறவில் அப்படி இல்லை. நூறு ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. பத்தாயிரம் ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டுதான்.

உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் ‘பொதுப்பேரவை’. அவர்கள் ஓட்டுப்போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழுவிலிருந்து தலைவர் வருவார். அன்றாட வேலையைச் சம்பளம் வாங்கும் செயலாளரும் ஊழியர்களும் பார்க்கிறார்கள். மேற்பார்வை, தணிக்கை, விசாரணை ஆகியவை அரசின் கையில். தமிழ்நாட்டில் இதெல்லாம் 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டத்தின்படி நடக்கிறது.

எப்போது தொடங்கியது?

வெள்ளைக்காரர் காலத்திலேயே. கந்துவட்டியில் விவசாயிகள் நிலத்தை இழந்துகொண்டிருந்த நேரத்தில், 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் தொடங்கப்பட்டது. நாட்டின் ஆரம்பகாலக் கூட்டுறவு சங்கங்களில் அதுவும் ஒன்று.

120 ஆண்டுகள் கடந்தும் அன்றைய காரணம் இன்றும் மாறவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள விவசாய நில உடைமைகளில் சுமார் 86 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. அதாவது இரண்டு ஹெக்டேருக்கும் (சுமார் ஐந்து ஏக்கர்) குறைவான நிலம். தமிழ்நாட்டில் சராசரி உடைமை வெறும் 0.75 ஹெக்டேர்தான். இரண்டு ஏக்கருக்கும் கீழே!

பயிர்க்கடன்: பணம் எங்கிருந்து வருகிறது?

ஊர் சங்கத்திடம் பெரிய அளவில் சொந்தப் பணம் இருக்காது. இது மூன்று அடுக்கு அமைப்பு.

* மேலே: மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி
* நடுவில்: மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள்
* கீழே: ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்

நபார்டு வங்கியின் மறுநிதி உதவியும், மக்கள் போடும் டெபாசிட்டும் இந்த அடுக்குகள் வழியாக இறங்கி விவசாயி கைக்கு வருகின்றன. அவர் கட்டும் பணம் அதே வழியில் மேலே போகிறது. தமிழ்நாட்டில் இப்படி நாலாயிரத்துக்கும் அதிகமான தொடக்கச் சங்கங்கள் இருக்கின்றன.

நெல்லுக்கு ஏக்கருக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவு, வாழைக்கு இவ்வளவு என்று கடன் அளவை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு முடிவு செய்யும். அதில் ஒரு பகுதி பணமாகவும், ஒரு பகுதி உரமாகவும் கிடைக்கும்.

வட்டியில் எவ்வளவு மிச்சம்?

சிறு விவசாயி சங்கத்தைத் தேடி வர முதல் காரணமே இதுதான். 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். ஆனால், தமிழ்நாட்டில் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்தச் சுமையை மத்திய, மாநில அரசுகள் ஏற்றுக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு 60,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

* வெளியில் ‘ரெண்டு வட்டி’ (மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்) என்றால் வட்டி மட்டும் 7,200 ரூபாய்.
* ‘அஞ்சு வட்டி’ என்றால் 18,000 ரூபாய்.
* சங்கத்தில் கெடுவுக்குள் கட்டினால் பூஜ்ஜியம்.

இரண்டு ஏக்கர்காரருக்கு இந்த 18,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. சில போகங்களில் மொத்த லாபமே அவ்வளவுதான் நிற்கும். ஆனால் கவனம், தவணை தவறினால் இந்தச் சலுகை போய்விடும். வட்டியோடு அபராத வட்டியும் சேரும்.

விலை பேசுவதில் சங்கம் எப்படி உதவும்?

கடன் கதை பாதிதான். மீதிப் பாதி விற்பனையில் இருக்கிறது.

நாலு மூட்டை மஞ்சளோடு தனியாக நிற்பவரிடம் வியாபாரி சொல்வதுதான் விலை. அதிலும் அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால் வேறு ஆளிடம் விற்கவும் முடியாது. ‘விலை ஏறட்டும், அப்புறம் விற்கிறேன்’ என்று காத்திருக்க வசதி வேண்டுமே!

கூட்டுறவு விற்பனை சங்கம் இங்கேதான் வருகிறது. திருச்செங்கோடு, ஈரோடு கூட்டுறவு விற்பனை சங்கங்களில் நடக்கும் மஞ்சள் ஏலம் நல்ல உதாரணம். பல விவசாயிகளின் மூட்டைகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. பல வியாபாரிகள் பார்த்து விலை கேட்கிறார்கள். அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு போகிறது. எடையும் எல்லோர் முன்னாலும் நடக்கிறது.

அன்றைய விலை பிடிக்கவில்லையா? சரக்கைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன் பேரில் ஈட்டுக்கடன் வாங்கும் வசதியும் சங்கங்களில் உண்டு. அவசரச் செலவுக்குக் காசும் கிடைக்கும், அடிமாட்டு விலைக்கு விற்கவும் வேண்டாம். விலை மேலும் இறங்கினால் அந்த நஷ்டம் விவசாயியுடையது என்பதையும் மறக்கக் கூடாது.

பால் சொசைட்டி சொல்லும் பாடம்

இந்தியாவில் கூட்டுறவின் பலத்தைக் காட்டியது பால்தான். 1940-களில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் கொள்முதல் பால்சன் என்ற தனியார் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. கிடைத்த விலையை வாங்கிக்கொள்வதைத் தவிர விவசாயிகளுக்கு வழி இல்லை. சர்தார் படேலின் ஆலோசனையோடு அவர்கள் பால் ஊற்றுவதையே நிறுத்தினார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946-ல் சொந்தமாகக் கூட்டுறவு சங்கம் பதிவானது. அதுதான் பின்னாளில் ‘அமுல்’. 1949-ல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியன் அதை வளர்த்தார். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

தமிழ்நாட்டில் ஆவினும் அதே அமைப்புதான். ஊரில் தொடக்கப் பால் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மேலே இணையம். காலையும் மாலையும் பால் ஊற்றும்போது அளவு மட்டுமல்ல, கொழுப்பும் மற்ற சத்துகளும் எவ்வளவு என்று பார்த்துத்தான் பணம் கணக்காகிறது.

2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டு, உற்பத்தியாளருக்குக் கிடைப்பது பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்றானது. ‘தீவனம் விற்கிற விலைக்கு இது போதாது’ என்பது பால்காரர்களின் நீண்டகாலக் குறை. தனியார் கூடுதலாகக் கொடுக்கும் நாட்களில் பலர் அங்கே மாறிவிடுகிறார்கள்.

பிறகு ஏன் சங்கம் வேண்டும்? பால் பெருகும் காலத்தில் தனியார் விலையைக் குறைக்கலாம், வாங்குவதையும் குறைக்கலாம். ஊரில் சங்கம் இருந்தால், ‘இதற்குக் கீழே கொடுத்தால் சொசைட்டிக்குப் போய்விடுவார்கள்’ என்ற பயம் தனியாருக்கும் இருக்கும். சங்கத்துக்குப் பால் ஊற்றாதவருக்கும் சேர்த்துத்தான் சங்கம் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது?

எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று சொல்ல முடியாது.

*ஒன்று, அரசியல்.* சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள் உறுப்பினர்கள் என்றாலும், தலைவர் பதவிக்குக் கட்சிகள் மோதுகின்றன. தமிழ்நாட்டில் ஆட்சி மாறும்போதெல்லாம் நிர்வாகக் குழுக்கள் விவாதப் பொருளாகிவிடும். நீண்ட காலம் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்த வரலாறும் உண்டு. 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2023-ல் முடிந்தது. தேர்தல் நடக்காத காலத்தில் உறுப்பினரின் ‘ஒரு ஓட்டு’ காகிதத்தில்தான் இருக்கும்.

*இரண்டு, முறைகேடு.* 2021-ல் ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது கணக்குகளை ஆய்வு செய்தார்கள். போலி நகைக்குக் கடன், ஒரே ஆள் பெயரில் பல கடன் என்று பல குளறுபடிகள் வெளியே வந்தன. இதனால் இழப்பு யாருக்கு? சங்கத்தில் பங்கும் டெபாசிட்டும் போட்ட உறுப்பினருக்குத்தான்.

*மூன்று, கடன் தள்ளுபடி.* 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் 5,780 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆனது. 2021-ல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. வறட்சியிலும் புயலிலும் அடிபட்டவர்களுக்கு அது உயிர்மூச்சு. அதே நேரம், கஷ்டப்பட்டு முன்பே கட்டி முடித்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘அடுத்த தேர்தலில் தள்ளுபடி வரும், பொறுத்துப் பார்ப்போம்’ என்ற எண்ணம் வளர்ந்தால் சங்கத்தின் பணச் சுழற்சி நின்றுபோகும். பாதிக்கப்படுவது அடுத்து கடன் கேட்டு வரும் விவசாயி.

*நான்கு, குத்தகை விவசாயி.* கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். நிலம் ஒருவர் பெயரில், உழுவது இன்னொருவர் என்றால்? பல குத்தகைகள் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. எழுத்தில் கொடுக்க நில உரிமையாளர் தயங்குவார். கடைசியில், கடன் அதிகம் தேவைப்படுகிறவரே வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

‘எஃப்பிஓ’ என்பதும் இதுதானா?

கிட்டத்தட்ட. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்பது கூட்டுறவு முறையில் நடக்கும் ஒரு கம்பெனி. 2002-ல் கம்பெனி சட்டத்தில் செய்த திருத்தம் இதற்கு வழி செய்தது. இங்கேயும் பொதுவாக ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டுதான். ஆனால் பதிவு கம்பெனி சட்டத்தில் என்பதால் கூட்டுறவுத் துறையின் தலையீடு கிடையாது. 2020-ல் மத்திய அரசு 10,000 எஃப்பிஓ-க்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. சமவெளியில் குறைந்தது 300 விவசாயிகள் சேர வேண்டும் என்பது அதன் விதி.

சுதந்திரம் அதிகம். ஆனால் கணக்கு, வரி, சந்தை எல்லாவற்றையும் தாங்களே பார்க்க வேண்டும். நல்ல நிர்வாகி கிடைக்காவிட்டால் போர்டு மட்டும்தான் மிஞ்சும்.

சேர என்ன செய்ய வேண்டும்?

* 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சங்கத்தின் எல்லைக்குள் வசிக்க வேண்டும் அல்லது நிலம் இருக்க வேண்டும்.
* விண்ணப்பத்தோடு நுழைவுக் கட்டணமும் பங்குத்தொகையும் கட்ட வேண்டும்.
* பயிர்க்கடனுக்கு ஆதார், சிட்டா, அடங்கல், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம் தேவைப்படும்.
* ‘இணை உறுப்பினர்’ ஆகச் சேர்த்தால் ஓட்டு கிடையாது. எந்த வகை உறுப்பினர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சேர்ந்த பிறகு?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். கடன் வாங்குவதோடு சங்கத்துக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அப்போதுதான் தெரியும். பொதுப்பேரவைக் கூட்டத்துக்குப் போய் தணிக்கை அறிக்கையில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். முறைகேடு என்று சந்தேகம் வந்தால் சரக துணைப்பதிவாளரிடமோ மாவட்ட இணைப்பதிவாளரிடமோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். கூட்டுறவு சட்டத்தின் 81-வது பிரிவில் விசாரணை நடத்தவும், இழப்புக்குக் காரணமானவரிடம் 87-வது பிரிவில் தொகையை வசூலிக்கவும் வழி இருக்கிறது.

தனி விவசாயியிடம் இல்லாத பேரம் பேசும் பலம் நானூறு பேர் சேர்ந்த சங்கத்திடம் இருக்கிறது. ஆனால் அந்த நானூறு பேரில் நாலு பேர் மட்டும் கூட்டத்துக்குப் போனால், முடிவெடுப்பதும் அந்த நாலு பேராகத்தான் இருக்கும்.