சாவியைக் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்: சர்வீஸுக்கு விடும் பைக்கைப் பாதுகாப்பது எப்படி?

கிளியனூரில் பைக் வைத்திருப்பவர்கள் கம்பெனி சர்வீஸுக்குப் பெரும்பாலும் ஒன்று திண்டிவனம் போவார்கள், இல்லை புதுச்சேரி போவார்கள். காலையில் ஷோரூமில் வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து எடுப்பதுதான் வழக்கம். நடுவில் வண்டிக்கு என்ன நடந்தது என்று பார்க்க நம் ஆள் யாரும் அங்கே இல்லை.

எடுக்கும்போது டேங்கில் ஒரு கீறல் தெரிகிறது. சைடு பேனல் லாக் உடைந்து ஆடுகிறது. கேட்டால் வரும் பதில் இதுதான்: "அது முன்னாடியே இருந்ததுங்க. உப்புக் காத்து அடிக்கிற ஊரு, வண்டி வேற எப்படி இருக்கும்?"

மரக்காணம் உப்பளக் கரையில் ஓடும் வண்டிக்கு இந்தப் பதில் பாதி உண்மை. சைலன்சர், செயின், ஸ்போக்ஸ், ஸ்டாண்டு என்று எல்லாமே மற்ற ஊர்களைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். பாதி உண்மை என்பதால்தான் அதை மறுத்துப் பேசுவது கஷ்டம். வண்டியை விடும்போது அது எந்த நிலையில் இருந்தது என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு முடிவுக்கு வரும். அந்த ஆதாரத்தை உருவாக்க உங்கள் செல்போனும் ஐந்து நிமிடமும் போதும்.

சர்வீஸில் நடக்கும் சேதங்கள்

வெளியே தெரிபவை: ஸ்பேனர் வழுக்கி விழும் கீறல், மெக்கானிக்கின் பெல்ட் பக்கிள் டேங்கில் உரசுவது, நெருக்கி நிறுத்தும்போது ஹேண்டில்பார் இடிப்பது, அவசரமாகக் கழற்றும்போது சைடு பேனல் லாக் உடைவது.

உள்ளே நடப்பவை: என்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டும். ஸ்பார்க் பிளக்கிலும் இதே ஆபத்து உண்டு. செயினை இரண்டு பக்கமும் சமமாக வைக்காமல் இறுக்கினால் டயரும் செயினும் சீக்கிரம் தேயும்.

வாட்டர் வாஷில் நடப்பவை: பிரஷர் தண்ணீரை ஸ்பீடோமீட்டர், சுவிட்ச், சாவித் துவாரம், வீல் பேரிங் பக்கம் நேராக அடித்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே உப்பாக இருப்பது உண்டு. அதில் கழுவி, துடைக்காமல், செயினுக்கு ஆயில் விடாமல் கொடுத்தால், சர்வீஸ் முடிந்த வண்டி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். "நல்ல தண்ணியா? வாஷ் முடிஞ்சதும் செயினுக்கு லூப் போடுவீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

விடும்போது எடுக்க வேண்டிய படங்கள்

வண்டியை முந்தின நாளே கழுவித் துடைத்துவிடுங்கள். சேறும் உப்பும் படிந்திருந்தால் போட்டோவில் கீறல் தெரியாது. ஷோரூம் வாசலில், நல்ல வெளிச்சத்தில் இவற்றை எடுங்கள்:

1. நான்கு பக்கமும் சுற்றி வரும் ஒரே வீடியோ. நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து நம்பர் பிளேட்டிலேயே முடியுங்கள்.
2. டேங்க், சைடு பேனல், மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர் ஆகியவை கிட்டத்தில்.
3. சாவி போட்ட நிலையில் மீட்டர். ஓடிய கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும் தெரிய வேண்டும்.
4. என்ஜினின் அடிப்பகுதி. இப்போது ஆயில் கசிவு இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.
5. டயர், பேட்டரி ஆகியவற்றில் உள்ள கம்பெனி பெயரும் எண்ணும்.
6. ஏற்கெனவே இருக்கும் துருவும் பழைய கீறலும்.

ஆறாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். பழைய குறைகளையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் உங்கள் படங்களுக்கு நம்பகத்தன்மை வரும். "இந்தத் துரு முன்னாடியே இருந்தது, இதோ படம். இந்தக் கீறல் இல்லை, இதோ அதே இடத்தின் படம்" என்று சொல்ல முடிவதுதான் பலம்.

படங்களை அங்கேயே சர்வீஸ் அட்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் இரண்டு பேர் போனிலும் பதிவாகிவிடும். வாட்ஸ்அப் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும் என்பதால், போனில் உள்ள ஒரிஜினலை அழிக்காமல் வைத்திருங்கள்.

வண்டியில் இருக்கும் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஹெல்மெட், மற்ற பொருட்களை எடுத்துவிடுங்கள். ஆவணம் காட்ட வேண்டியிருந்தால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ காட்டலாம்.

ஜாப் கார்டு இல்லாமல் சாவி இல்லை

ஜாப் கார்டு என்பது வெறும் டோக்கன் இல்லை. உங்கள் வண்டி அவர்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கான எழுத்துச் சான்று அது. அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: தேதி, நேரம், வண்டி எண், கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள், நீங்கள் சொன்ன குறைகள், மதிப்பிட்ட செலவு, திருப்பித் தரும் நேரம்.

"கீறல் இல்லை" என்ற இடத்தைக் காலியாக விட்டால், பிறகு அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிரப்பச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பிரதி கையில் வர வேண்டும். தரத் தயங்கினால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "எஸ்டிமேட்டுக்கு மேல எந்த வேலை வந்தாலும் போன் பண்ணிட்டுச் செய்யுங்க. மாத்துற பழைய பார்ட்ஸை எடுத்து வைங்க" என்ற இரண்டு வரியையும் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது பில்லுக்கு முன் வண்டி

இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். பணம் கட்டும் முன் காலையில் எடுத்த வீடியோவை ஒரு கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள். கிலோமீட்டரை ஒப்பிடுங்கள், டெஸ்ட் ரைடுக்காகச் சிறிது கூடியிருக்கலாம், அதற்கு மேல் போயிருந்தால் காரணம் கேளுங்கள். லைட், ஹார்ன், இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள்.

பிறகு ஒரு சின்ன ரவுண்டு ஓட்டுங்கள். முதல் சில மீட்டரிலேயே மெதுவாக பிரேக்கைச் சோதியுங்கள். வாஷ் செய்த ஈரமும், கைதவறி டிஸ்க்கில் பட்ட ஆயிலும் பிரேக் பிடிப்பைக் குறைக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் ஆயில் சொட்டு இருந்தால் உடனே போட்டோ எடுத்துச் சொல்லிவிடலாம். வண்டி அவர்களிடம் இருந்த நாளில் ஏதாவது இ-சலான் விழுந்திருக்கிறதா என்றும் சில நாள் கழித்துப் பாருங்கள். டெஸ்ட் ரைடில் ஹெல்மெட் போடாமல் போனவர் அவர்களாக இருந்தாலும், சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

சேதம் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்

புதுக் கீறலில் உலோகம் பளபளப்பாகத் தெரியும். புதிதாக உடைந்த இடமும் அப்படித்தான். ஆனால் கடலோரக் காற்றில் அந்தப் பளபளப்பு நீடிக்காது. பெயின்ட் போன இரும்பு சில நாளிலேயே துருப்பிடித்துவிடும். அதற்குப் பிறகு அது புதுசா பழசா என்று நிரூபிப்பது கஷ்டம். "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்.

அங்கேயே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி எழுதுங்கள்:

"எனது வண்டி எண் ____. இன்று காலை __ மணிக்கு ஜாப் கார்டு எண் ____-ன்படி சர்வீஸுக்கு விட்டேன். மாலை __ மணிக்கு எடுக்கும்போது ____ பகுதியில் சேதம் உள்ளது. விடும்போது எடுத்த படமும் இப்போதைய படமும் இணைத்துள்ளேன். உங்கள் செலவில் சரிசெய்து தரவும். 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

அவர்கள் பதில் தராவிட்டால், ஓனர் மேனுவலில் உள்ள தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் இதே செய்தியை அனுப்பி, புகார் எண்ணை வாங்குங்கள்.

"ஓனர் ரிஸ்க்" போர்டு காப்பாற்றுமா?

பல ஒர்க் ஷாப்களில் "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதற்கு அவசியம் இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு வேலைக்காகப் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தால், ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அதே அக்கறையோடு அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது பிரிவு 151.

டெல்லி தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1998-இல் அங்கே ஹோட்டல் ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த ஒரு கார் திருடு போனது. நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பு என்று டோக்கனில் அச்சிட்டிருந்ததாக ஹோட்டல் வாதிட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட வண்டி விஷயத்தில், தன்னுடைய அல்லது தன் ஊழியருடைய அலட்சியத்துக்கான பொறுப்பை ஓர் அச்சிட்ட வரியால் கழற்றிவிட முடியாது என்றது. வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் காட்டிவிட்டால், என்ன நடந்தது என்று விளக்க வேண்டியது வாங்கிக்கொண்டவரின் கடமை. சர்வீஸுக்கு சாவி கொடுப்பதும் இப்படிப்பட்ட ஒப்படைப்புதான். அதனால்தான் ஜாப் கார்டும் படங்களும் இவ்வளவு முக்கியம்.

எங்கே, எப்படிப் புகார் செய்வது?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப் வழியாகவும் பதியலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பித் தீர்வுக்கு முயற்சி செய்வார்கள். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உதவி எண்ணுக்கு இல்லை.

இரண்டாவது படி, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதாவது புதுச்சேரியில் சர்வீஸுக்கு விட்ட வண்டிக்கும் கிளியனூர்க்காரர் விழுப்புரம் ஆணையத்தை அணுகலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகப் போனிலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது கட்டாயம் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

பில் தர மறுக்கிறார்கள், என்ன செய்வது?
செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பது 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அதையும் புகாரில் சேருங்கள். பணத்தை யு.பி.ஐ. மூலம் கட்டினால் அதுவே ஒரு பதிவாகும்.

பணம் கட்டாமல் வண்டியை எடுத்துப் போகலாமா?
செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170-இல் அவர்களுக்கு உண்டு. சண்டை வேண்டாம். "சேதம் குறித்த ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதி, பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்து வாருங்கள். உங்கள் உரிமை போய்விடாது.

"உங்க இன்சூரன்ஸ்ல க்ளைம் பண்ணிடலாம்" என்கிறார்களே?
அவர்கள் செய்த சேதத்துக்கு உங்கள் பாலிசியில் க்ளைம் போட்டால், உங்கள் நோ க்ளைம் போனஸ் போய்விடலாம். க்ளைம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டில் 50 சதவீதம் வரை சேரும் தள்ளுபடி அது. யோசித்துச் சம்மதியுங்கள்.

பைக்கில்தான் பிழைப்பு. வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டி என்று புகாரைத் தள்ளிவிடுவார்களா?
சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்த மட்டுமே பயன்படுத்தும் வண்டி என்றால் நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான். டெலிவரி வேலை பார்ப்பவரும், மீன் விற்பவரும் புகார் செய்யலாம்.

அடுத்த சர்வீஸ் தேதி எப்போது என்று மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்குக் கிளம்பும் முன் போனில் சார்ஜும், வீடியோ எடுக்க இடமும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.