மடிக்கணினிக்குள் ஒரு பல்லி

நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு சின்னச் சத்தம் என்னை மூன்று இரவு தூங்கவிடாமல் செய்து, கடைசியில் பாடமும் நடத்திவிட்டுப் போனது. நம் சங்க அன்பர்கள் சிலருக்காவது அது உதவும் என்று எழுதுகிறேன்.

2018 ஜூலையில் மகளுக்குப் புணேயில் கல்லூரியில் இடம் கிடைத்தது. நேரு பிளேஸில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினோம். 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ளது. எஸ்எஸ்டி வைத்தது எங்கள் கைக்கு எட்டாத விலை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் இதற்கு மாற்றிவிட்டு, பழையதைக் கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டோம்.

மாற்றியவற்றில் ஒன்று, 2011-ல் காலமான என் அம்மாவின் குரல். ஊர்க் கதைகளை அவர் சொல்லச் சொல்ல, செல்போனில் நான் பதிவு செய்த நாற்பது நிமிடங்கள். அதற்கு வேறு நகல் கிடையாது.

வாங்கிய மூன்றாம் நாள் இரவு, கூலரை நிறுத்தியதும் கேட்டது, 'டொக்'. ஒரு நிமிடம் கழித்து மறுபடி 'டொக்'.

"என்னங்க, பல்லி மாதிரி இருக்கே? நல்ல சகுனமா, கெட்டதா?" என்றாள் மனைவி.

மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "யே தோ நார்மல் ஹை, சாஹப்" என்று அனுப்பிவிட்டார். மாற்றிக் கொடுக்கும் கெடு ஏழு நாள். அதில் நான்கு போய்விட்டது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் வழவழப்பான வட்டத் தகடுகள் சுழல்கின்றன. எங்களுடையது நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. அதன்மேல் படிக்கும் தலை, தகட்டைத் தொடாமல், சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் கனமோ பல்லாயிரம் நானோமீட்டர்! லேப்டாப் கைதவறி விழுந்து அந்தத் தலை தகட்டில் இடித்தால், கீறிய இடத்தில் இருந்தவை போயின.

ஆகவே வேலை இல்லாத நேரத்தில் தலை தகட்டை விட்டு விலகி, ஓரத்தில் உள்ள ஒரு சாய்வான மேடையில் ஏறி நின்றுகொள்ளும். பாட்டரியும் கொஞ்சம் மிச்சம். அப்படி ஏறும்போது கேட்பதுதான் 'டொக்'.

திரும்பத் திரும்ப ஏன்? நம் காலனி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காருவார். ஹார்ன் கேட்டால் எழுந்து கேட்டைத் திறப்பார், மறுபடி உட்காருவார். நாற்காலி கிரீச்சிடும். அதுபோலத் தலை போய் நின்ற சற்று நேரத்தில் விண்டோஸோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ எதையாவது எழுதக் கூப்பிடும். தலை வரும், எழுதும், திரும்பப் போகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். எண்கள் முதலில் பதினாறடிமானத்தில் தெரியும். பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் காட்டிக் கொடுத்தான்.

தலை எத்தனை முறை மேடை ஏறியது என்பது 'லோட் சைக்கிள் கவுண்ட்' என்ற வரியில் இருக்கும். காலையில் 1,430. எட்டு மணி நேரம் ஓடவிட்டு மாலையில் பார்த்தால் 1,910. மணிக்கு 60. இப்படி ஆண்டு முழுவதும் ஓடினால் 1,75,200. எங்கள் டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் குறித்திருந்த அளவு 6,00,000. மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. உடனே ஆபத்து இல்லை, ஆனால் வீணாகத் தேய்வானேன்?

அதே மென்பொருளில் ஏபிஎம் என்ற மின்சிக்கன அளவு உண்டு. அதை 254 ஆக்கினோம். 'டொக்' நின்றது. எல்லா டிஸ்க்கும் இதற்கு இணங்குவதில்லை. சில, அணைத்து எழுப்பினால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் தானாகப் பதியும்படி அமைக்க வேண்டும். பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். ஓடும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதும் முன்னைவிட முக்கியமாகிறது.

கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் பார்க்காமல் சொன்னார்.

எது கெட்ட சகுனம்?

கடிகாரம் போல் சீராக 'டிக், டிக்' என்று அடித்து, அதே சமயம் திரை உறைந்து நின்றால். உரசும் சத்தம் வந்தால். ஸ்மார்ட்டில் 5, 197, 198 எண்ணுள்ள வரிகள் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால், அது பல்லி அல்ல, எச்சரிக்கை. அப்போது சோதனை மேல் சோதனை ஓட்டக் கூடாது. படிக்க முடிந்தால் முக்கியமானதை முதலில் நகலெடுங்கள். முடியாவிட்டால் அணைத்துவிட்டுத் தரவு மீட்பவர்களிடம் கொண்டு போங்கள். வீட்டில் டிஸ்க்கைத் திறந்தால் ஒரு தூசி போதும். ஃப்ரீஸரில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம். உள்ளே ஈரம் கோக்கும்.

என் தவறு வேறு இடத்தில். இரண்டு நாள் லேப்டாப்பில் காதை வைத்துக் கேட்ட எனக்கு, முதலில் அம்மாவின் குரலை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. "அப்பா, பாட்டி குரலை வேற எங்கயாவது வெச்சிருக்கீங்களா?" என்று மகள் கேட்ட பிறகுதான் கை நடுங்கியது. அன்றே ஒரு நகல் பென் டிரைவில், ஒன்று கும்பகோணத்தில் தம்பி வீட்டில், ஒன்று இணையக் கிடங்கில்.

அந்த டிஸ்க் 2022 வரை ஒழுங்காக ஓடியது. பிறகு எஸ்எஸ்டி போட்டோம். இன்று வரும் புது லேப்டாப்புகளில் பெரும்பாலும் அதுதான். சுழலும் பாகம் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் கெட்டுப்போகும்போதும் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகிறது.

உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவும் பெரியவர்கள் படமும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நகலைப் பெட்டியில் எடுத்துப் போய், அங்கே வைத்துவிட்டு வாருங்கள்.