தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

நம் சங்கங்களின் விழா மேடையில் ஆண்டுதோறும் பார்க்கிற காட்சிதான். சிறுவர் பேச்சுப் போட்டி. ஏழு வயதுக் குழந்தை பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறி, "அனைவருக்கும் வணக்கம்" என்று கணீரென்று தொடங்கும். மூன்றாவது வரியில் நின்றுவிடும். கண் அம்மாவைத் தேடும். அம்மா முதல் வரிசையிலிருந்து உதட்டை அசைத்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். குழந்தை இறங்கி வந்ததும், "வீட்ல நல்லாத்தானே சொன்னே, இங்க வந்து என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இவளுக்கு கான்ஃபிடன்ஸே இல்ல சார்" என்கிறோம். குழந்தை அதையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

"கான்ஃபிடன்ஸ் இல்லை" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஏதோ கடையில் வாங்க மறந்துவிட்ட சாமான் மாதிரி. தன்னம்பிக்கை பிறவியிலேயே சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் அளந்து கொடுக்கப்பட்டது என்று ஒரு சாரார் நினைக்கிறோம். இன்னொரு சாரார், முதலில் நம்பிக்கையை ஊட்டிவிட்டால் காரியம் தானாக நடக்கும் என்று எண்ணி, ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் பணத்தைக் கட்டுகிறோம். இந்த வரிசையே தலைகீழானது என்பது என் கருத்து. பெரும்பாலும் காரியம் முதலில் நடக்கிறது. நம்பிக்கை அதன் பின்னால் வருகிறது. இதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஒருவரின் வாழ்க்கையையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன மோகன்தாஸ் காந்தி, அங்கே சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். வாயைத் திறக்க மாட்டார். ஒருமுறை முக்கியமான ஒரு விவாதம் வந்தபோது தம் கருத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். அதைப் படிக்கவும் நா எழவில்லை, வேறொருவர்தான் படித்தார். 1891-இல் ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு ஒரு விருந்து கொடுத்தார். நகைச்சுவையோடு சின்னப் பேச்சு ஒன்றைத் தயார் செய்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் நகர முடியாமல், வந்தவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் நடந்தது இதைவிட மோசம். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்தவருக்கு ஸ்மால் காஸ் கோர்ட்டில் சிறிய வழக்கு ஒன்று கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, கோர்ட்டே சுழல்வதுபோல் இருந்தது, ஒரு கேள்விகூட வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வெளியேறினார். அதன்பின் தென்னாப்பிரிக்கா போகும்வரை கோர்ட்டில் வாதாடவே நிற்கவில்லை. இவ்வளவையும் பிறகு தாமே 'சத்திய சோதனை'யில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த மனிதர் 1893-இல் பிரிட்டோரியா நகரில் இந்திய வியாபாரிகளின் கூட்டத்தில் எழுந்து பேசினார். தம் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அவரே அதைக் குறிப்பிடுகிறார். இடையில் என்ன நடந்தது? யாரும் அவருக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. ரயிலிலும் கோச் வண்டியிலும் அவமானப்பட்டிருந்தார். சொல்லியே ஆக வேண்டிய விஷயம் இப்போது இருந்தது. வியாபாரத்தில் வாய்மை என்ற, தாம் நன்றாக யோசித்துவைத்திருந்த பொருளை எடுத்துக்கொண்டார். கேட்க வந்தவர்கள் ஒரு வீட்டில் கூடிய நம்மவர்கள். பெரிய சபை இல்லை. பேச்சோடும் விடவில்லை. ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறேன் என்றார். நாவிதர் ஒருவர், குமாஸ்தா ஒருவர், சிறுகடைக்காரர் ஒருவர் என மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்களுக்கு ஓய்வான நேரம் பார்த்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்தபோது விண்ணப்பம் எழுதவும் கையெழுத்துத் திரட்டவும் அவர் தயாராக இருந்தார். முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, முண்டாசைக் கையில் பிடித்தபடி வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளிக்காக வாதாடியதும் அந்தக் காலத்தில்தான்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கூச்சம் தம்மை முழுக்க விட்டுப் போகவே இல்லை என்றும் காந்தி எழுதியிருக்கிறார். முன் தயாரிப்பு இல்லாமல் பேசுவது அவருக்குக் கடைசிவரை கஷ்டம்தான். கூச்சம் போன பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் அவர் ராஜ்கோட்டில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்.

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பந்துரா (1925-2021) என்ற உளவியல் அறிஞர் 1977-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விளக்கம் தருகிறது. அவர் பேசியது பொதுவான 'நான் பெரிய ஆள்' என்ற எண்ணத்தைப் பற்றி அல்ல. 'இந்தக் குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கையைப் பற்றி. ஒருவருக்குச் சமையலில் அது மலைபோல் இருக்கும், பாங்க் மேனேஜர் முன்னால் துளியும் இருக்காது. பந்துரா அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, மதிக்கத்தக்கவர் சொல்லும் ஊக்கச்சொல், தன் உடம்பின் படபடப்பைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கில் முதலாவதுதான் மிக வலுவானது. மேடைகளில் நாம் தாராளமாக வாரி வழங்குகிற ஊக்கச்சொல் அதற்கு ஈடாகாது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பந்துராவும் அவருடன் இருந்தவர்களும் பாம்புக்கு அஞ்சியவர்களை வைத்தே சோதனை நடத்தினார்கள். ஒரு சாராருக்கு, இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் வாய்ப்பு. மற்றொரு சாரார், துணையாள் ஒருவர் கூட நிற்க, படிப்படியாகக் கிட்டே போய், தொட்டு, கடைசியில் தாங்களே பிடித்தார்கள். பார்த்தவர்களைவிடத் தொட்டவர்களுக்குத்தான் பயம் நன்றாக விலகியது. நம்பிக்கையும் அதிகம் வளர்ந்தது. இங்கே 'படிப்படியாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முதல் நாளே பாம்பைத் தூக்கிக் கழுத்தில் போட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். நாம் குழந்தைகளுக்குச் செய்வது ஏறக்குறைய அதுதான். வீட்டில் அம்மா முன்னால் ஒப்பித்த குழந்தையை நேராக ஐந்நூறு பேர் முன்னால் நிறுத்துகிறோம்.

வரிசையை மாற்றிப் பார்த்த ஓர் அரசாங்கமே உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மக்களின் சுயமதிப்பு உணர்வை வளர்க்க 1986-இல் தனிக் குழுவே அமைத்தது. சுயமதிப்பு கூடினால் படிப்பும் ஒழுக்கமும் தாமாகச் சீராகும் என்ற எதிர்பார்ப்பு. 2003-இல் ராய் பாமைஸ்டரும் மற்ற ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசினார்கள். சுயமதிப்பு உயர்வதால் மதிப்பெண் உயர்வதாகத் தெரியவில்லை. நன்றாகப் படித்ததன் விளைவாகத்தான் ஓரளவு சுயமதிப்பு உயர்கிறது என்றே முடிவு சொன்னார்கள். எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். அவர் எண்ணத்தோடு உழைப்பையும் சேர்த்தேதான் வற்புறுத்தினார். நாம்தான் வசதியாக முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பாராட்டு விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குகள் கொடுத்தார்கள். முதல் சுற்று முடிந்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள். சிலரிடம் "நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான கணக்குகள். அதில் தடுமாறிய பிறகு, புத்திசாலிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள்தான் அதிகம் சோர்ந்தார்கள். மூன்றாவது சுற்றில் முதல் சுற்றைவிடக் குறைவாகச் செய்தார்கள். பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்ற கவலை! இதன் அடிப்படையில் பள்ளிகளில் பெரிய அளவில் நடத்தப்பட்ட திட்டங்களின் பலன் மிதமானதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஆகவே இதை மந்திரமாக நினைக்க வேண்டாம். ஆனால் "என் பொண்ணு ஃபர்ஸ்ட் ரேங்க்தான் எடுப்பா" என்று விருந்தினர் முன்னால் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். நம் தன்னம்பிக்கையில் ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் மொழி. கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ இருபது வருஷம் குடியிருந்தும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காத தமிழர்கள் எத்தனை பேர்! ஆபீஸில் பெரிய பதவியில் இருப்பவர், இங்கிலீஷில் பிளந்து கட்டுபவர், தண்ணீர் வரவில்லை என்று இந்தியில் சொல்ல மட்டும் பத்தாம் வகுப்புப் பையனை முன்னே தள்ளுவார். காரணம் எல்லோருக்கும் தெரியும். பஸ் 'ஆத்தா ஹை'யா 'ஆத்தி ஹை'யா? தமிழில் உயிரில்லாத பொருளுக்கு ஆண் பெண் கிடையாது. நம் மூளைக்கு அந்தப் பழக்கமே இல்லை. யாரோ ஒருமுறை சிரித்திருப்பார்கள். அன்றைக்கு மூடிய வாய் அப்படியே இருக்கிறது. (தயிர் புளிப்பது 'கட்டா'வா 'கட்டி'யா என்பதில் இந்தி பேசுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதைச் சிலருக்குச் சொன்னால் முகமே மலர்கிறது.)

பிள்ளைகளுக்கு இது மறுபக்கமாக நடக்கிறது. பள்ளியில் இந்தி, இங்கிலீஷ் இரண்டிலும் சரளமாகப் பேசும் பெண், கோடை விடுமுறைக்குத் திருச்சி போகிறாள். "வாளைப்பளம்" என்கிறாள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெரியவர்களும் சேர்ந்துகொண்டு, "இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்று வேடிக்கை பார்க்கிறார்கள். கேலியில் குரோதம் இல்லை, பாசம்தான். ஆனால் அடுத்த வருஷம் அவள் பாட்டியிடம்கூட இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கிறாள். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு 'ழ'வுக்காக நாம் கொடுத்த விலை இது.

பந்துரா சொன்ன இரண்டாவது ஊற்று இங்கேதான் வேலை செய்கிறது. தப்புத் தப்பாக இந்தி பேசிக்கொண்டே கேஸ் ஏஜென்சியில் காரியத்தை முடித்துக்கொண்டு வரும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளை, தப்பு வந்தாலும் பேசலாம் என்று கற்றுக்கொள்கிறது. பையனை முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்கும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளை, தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பதே மரியாதை என்று கற்றுக்கொள்கிறது. பாடம் நடத்தாமலே நடக்கிற பாடம்.

சிரித்துவிடுவார்களே என்ற பயம் எவ்வளவு நியாயமானது? தாமஸ் கிலோவிச்சும் மற்ற இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம், போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான படம் அச்சிட்ட பனியன் ஒன்றைக் கொடுத்து, சக மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய்விட்டு வரச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். விசாரித்ததில் கால்வாசிப் பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அவரவர் பனியனே பெரிய கவலை! நம் 'ஆத்தா', 'ஆத்தி'யும் அப்படித்தான்.

நெஞ்சு படபடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கோழைத்தனத்தின் அடையாளம் இல்லை. முக்கியமான காரியத்துக்கு உடம்பு ஆயத்தமாகிறது, அவ்வளவுதான். குழந்தையிடம் "பயப்படாதே" என்று பத்துத் தடவை சொன்னால், பயப்படத்தக்கது ஏதோ வரப்போகிறது என்றே அதற்குக் கேட்கும். "எல்லாருக்கும் இப்படித்தான்டா படபடங்கும், நாலு வரி சொன்னதும் அடங்கிடும்" என்றால் போதும்.

சங்க நிர்வாகிகள் மனம் வைத்தால் சிலவற்றை எளிதாக மாற்றலாம். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதலில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேர் முன்னால் பேசவைக்கலாம். அடுத்து சங்க நூலகத்தில் இருபது பேர் முன்னால். பிறகு யாரும் இல்லாத மேடையில் ஒருநாள் மைக்கைக் கொடுத்து, அதில் தன் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்கவிடலாம். பல பிள்ளைகள் மூன்றாவது வரியில் நிற்பதற்கு ஒலிபெருக்கியில் திரும்பி வரும் தங்கள் குரலே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் எழுதிக்கொடுத்த கடும் செந்தமிழுக்குப் பதிலாகக் குழந்தைக்குத் தெரிந்ததை, தன் பள்ளியைப் பற்றியோ தாத்தா வீட்டைப் பற்றியோ, தன் சொல்லில் சொல்லவிடலாம். பெற்றோருக்கும் ஒரு பிரிவு வைத்து, அப்பா அம்மாக்களை இந்தியில் மூன்று நிமிஷம் பேசச் சொன்னால் பிள்ளைகள் அதைப் பார்க்க முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். போட்டி விதிகளில் 'தாளைப் பார்த்துப் பேசக் கூடாது' என்று ஒரு வரி வழக்கமாக இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காவது வரும் பொங்கல் விழாவிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாமே.